தாய்லாந்து உணவுகளில் உங்களுக்கு மிகவும் பிடித்தவை எவை? அவற்றை எங்கே சாப்பிடலாம்?

எனக்கு முதலிடம் வடக்கே சியாங் மாயில் கிடைக்கும் காவ் சோய்க்குத்தான். தேங்காய்ப்பால் சேர்த்த மஞ்சள் நிறக் குழம்பில் முட்டை நூடுல்ஸும் வெந்த கோழித் தொடையும் இருக்கும். அதே நூடுல்ஸில் ஒரு பிடியை எண்ணெயில் மொறுமொறுப்பாகப் பொரித்து மேலே குவித்துத் தருவார்கள். கூடவே ஒரு சிறு தட்டில் புளிக்கவைத்த கடுகுக்கீரை, நறுக்கிய சின்ன வெங்காயம், எலுமிச்சைத் துண்டு, எண்ணெயில் வறுத்த மிளகாய் விழுது ஆகியவை வரும். இவற்றைத் தொடாமல் சாப்பிட்டு எழுந்துவிடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். எலுமிச்சையைப் பிழிந்து, கீரையையும் வெங்காயத்தையும் கலந்த பிறகுதான் தேங்காய்ப்பாலின் கனம் தணிந்து குழம்பின் சுவை துலங்குகிறது.

சீனாவின் யுன்னான் பகுதியிலிருந்து வணிகத்துக்காக வந்து குடியேறிய முஸ்லிம்களோடு இந்த உணவைத் தொடர்புபடுத்திப் பேசுவது வழக்கம். அவர்களுடைய பான் ஹோ பள்ளிவாசல் இருக்கும் சந்திலேயே, இரவுச் சந்தைக்கு அருகில், காவ் சோய் இஸ்லாம் என்ற கடை உள்ளது. வெள்ளிக்கிழமை காலையில் போனால் யுன்னான் வம்சாவளியினர் கூடும் சந்தையையும் அங்கேயே பார்க்கலாம். இது பெரும்பாலும் பகல் உணவு என்பதால் இரவுக்கு என்று தள்ளிப் போடாமல் மதியத்துக்குள் போய்விடுவது நல்லது. அதே ஊரின் வாரோரோட் சந்தையில் 'நாம் ப்ரிக் நும்' என்ற விழுதை வாங்கிப் பாருங்கள். பச்சை மிளகாய், பூண்டு, வெங்காயம் ஆகியவற்றைச் சுட்டு இடித்த அந்த விழுது, நம் வீட்டுத் துவையலுக்கு மிக நெருங்கிய உறவு.

அடுத்தது, வடகிழக்கான இசான் பகுதியின் பச்சைப் பப்பாளி சாலட்டான சோம் தாம். பச்சைப் பப்பாளியை ஒரு கையில் ஏந்திக்கொண்டு, நீளக் கத்தியால் அதன்மேல் நெருக்கமாகக் கொத்தி, பிறகு சீவினால் மெல்லிய இழைகளாக உதிரும். மண் உரலில் முதலில் பூண்டும் மிளகாயும் விழும்; அடுத்து வெல்லம், காராமணிக் காய், தக்காளி, எலுமிச்சைச் சாறு, மீன் சாறு எல்லாம் சேர்ந்த பிறகே பப்பாளி விழும். கடைக்கார அம்மா ஒரு கையால் மர உலக்கையை மென்மையாக இடித்தபடி மறு கையிலிருக்கும் கரண்டியால் கிளறிக்கொண்டே இருப்பார். பப்பாளி நசுங்கிக் கூழாகிவிடாமல் சாற்றை மட்டும் உறிஞ்சிக்கொள்ள வேண்டும் என்பதே அந்தக் கைப்பக்குவத்தின் நோக்கம். வேர்க்கடலையும் உலர்ந்த இறாலும் சேர்ந்த 'சோம் தாம் தாய்' புதியவர்களுக்கு ஏற்றது. புளிக்கவைத்த மீன் சேர்ந்த 'பிளா ரா' வகையைத்தான் இசான் மக்கள் விரும்பிச் சாப்பிடுகிறார்கள். அதன் வாசனை முதலில் மிரட்டினாலும், மூங்கில் கூடையில் வரும் ஒட்டரிசிச் சோற்றை உருட்டித் தொட்டுச் சாப்பிட்டால் பிடித்துப்போகும் என்பது என் எண்ணம். சுட்ட கோழிக்குப் பெயர்பெற்ற கோன் கேன் மாகாணத்தின் காவ் சுவான் குவாங் வரை போக முடிந்தால் மிகச் சிறப்பு. முடியாதவர்கள் பாங்காக்கில் இசான் தொழிலாளர்கள் கூடும் நடைபாதைக் கடைகளைத் தேடலாம். சுற்றுலாப் பயணிகளுக்கான உணவகங்களில் இனிப்பைக் கூட்டி, காரத்தைக் குறைத்துவிடுகிறார்கள்.

பாங்காக்கில் பாட் தாய் என்னும் வதக்கிய அரிசி நூடுல்ஸ் சாப்பிட விரும்பினால் மகாசாய் சாலையில் 1966 முதல் இயங்கும் திப் சமாய் கடை போதும். வரிசை நீளமாக இருக்கும், ஆனால் விரைவாக நகரும். அதைவிட வெற்றி நினைவுச் சின்னத்தின் அருகே கால்வாயோரம் விற்கும் படகு நூடுல்ஸையே நான் விரும்புகிறேன். இரண்டு மூன்று வாயில் தீர்ந்துவிடும் சிறு கிண்ணங்களாகத் தருவதால், ஆளாளுக்குக் காலிக் கிண்ணங்களை அடுக்கிக்கொண்டே போவார்கள். அதன் சாற்றில் பன்றி அல்லது மாட்டு இரத்தம் சேர்ப்பது வழக்கம் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். ஏலம், பட்டை, கிராம்பு மணக்கும் மசாமன் குழம்பை ரொட்டியோடு சாப்பிட, பிரா ஆதித் சாலையில் பழைய கோட்டைக்கு எதிரே இருக்கும் ரொட்டி மதாபா கடைக்குப் போகலாம்.

சைவ உணவுக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே உப்புக்குப் பதிலாக மீன் சாற்றையே ஊற்றுகிறார்கள். குழம்பு விழுதுகளிலும் இறால் விழுது கலந்திருக்கும். எனவே காய்கறி மட்டும் போடுங்கள் என்று சொன்னால் போதாது. மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்தில் 'ஜே' என்று எழுதியிருக்கும் கடைகளில் மீனும் இறைச்சியும் மட்டுமன்றிப் பூண்டும் வெங்காயமும் சேர்ப்பதில்லை. செப்டம்பர், அக்டோபரை ஒட்டி வரும் ஒன்பது நாள் சைவத் திருவிழாவின்போது பாங்காக்கின் சீனர் பகுதியான யாவோராட்டிலும் புக்கெட்டிலும் இத்தகைய கடைகள் தெருவெங்கும் முளைக்கும்.

இந்தக் கவலை எதுவுமின்றி யாரும் சாப்பிடக்கூடியது, தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் உப்பும் ஊறிய ஒட்டரிசியோடு தரும் மாம்பழம். ஏப்ரல், மே மாதங்களில் 'நாம் டோக் மாய்' வகை மாம்பழம் நன்றாகக் கனிந்திருக்கும்போது, பாங்காக்கின் தனாவ் சாலையில் உள்ள கோர் பானிச் கடையில் வாங்குங்கள். பொட்டலமாகக் கட்டி வாங்கினால் சில மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் அரிசி விறைத்துப் போய்விடும்.