நிறுத்த வேண்டிய சிகிச்சை எது, எப்படி நிறுத்துவது?

கேள்வி: எங்கள் மருத்துவமனையில் பலன் தராத சிகிச்சைகளைக் கண்டறிந்து படிப்படியாக நிறுத்த ஒரு குழு அமைத்திருக்கிறார்கள். நானும் அதில் இருக்கிறேன். 30 சிகிச்சைகளைப் பட்டியல் போட்டோம். மூத்த மருத்துவர்கள் கோபித்துக்கொண்டார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அந்தப் பட்டியலை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். ஆதாரம் வலுவாக இருக்கும், உங்களிடம் அடிக்கடி நடக்கும் ஒரே ஒரு சிகிச்சையை எடுங்கள்.

உதாரணத்துக்கு, முழங்கால் தேய்மானத்துக்குச் செய்யும் ஆர்த்ராஸ்கோப்பி, அதாவது சிறு துளை வழியே கேமரா விட்டு மூட்டுக்குள் செய்யும் அறுவை. அமெரிக்காவின் ஹூஸ்டனில் 180 பேரிடம் நடந்த ஆய்வு ஒன்று 2002இல் வெளியானது. ஒரு பிரிவினருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்தார்கள். மூட்டு கழுவப்பட்டவர்களுக்கும் உள்ளே சுத்தம் செய்யப்பட்டவர்களுக்கும் இவர்களைவிட வலி குறையவில்லை. இரண்டு ஆண்டுகள் கவனித்தும் அதே கதைதான். அப்படியும் பழக்கம் விடவில்லை. 'தேய்மானத்துக்கு இது வேண்டாம்' என்று 2017இல் பிஎம்ஜே என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழின் வழிகாட்டுதல் அழுத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

ஏன் விடவில்லை? முழங்கால் வலி ஏறும், இறங்கும். தாங்க முடியாதபோதுதான் நோயாளி வருகிறார். அப்புறம் தானாகத் தணிந்தாலும் அறுவைதான் குணமாக்கியது என்று நோயாளி, மருத்துவர் இருவருமே நம்புகிறார்கள். உங்கள் மூத்தவர்கள் பொய் சொல்லவில்லை, தாங்கள் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறார்கள். இதை மதித்துப் பேசினால் பாதிக் கோபம் அடங்கிவிடும். செலவுக் கணக்கை முதல் கூட்டத்தில் எடுக்கவே எடுக்காதீர்கள். சிக்கனத்துக்காகச் செய்கிறோம் என்ற எண்ணம் ஒருமுறை விழுந்தால் மாற்றுவது கடினம்.

ஆதாரம் பார்க்கும்போது, நோயாளிக்கு என்ன ஆனது என்று பாருங்கள், அளவீடுகளை மட்டும் பார்த்தால் போதாது. மாரடைப்புக்குப் பின் என்கனைடு, ஃப்ளெக்கனைடு மருந்துகள் இதயத்துடிப்பைச் சீராக்கின. ஆனால் அவற்றை எடுத்தவர்களில் இறப்பு கூடியது 1989இல் தெரியவந்தது.

இன்னொன்று, ஒரு சிகிச்சை எல்லோருக்கும் வீண் என்பது அபூர்வம். அடிபட்டு ஜவ்வு கிழிந்து மூட்டு நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டவருக்கு அதே ஆர்த்ராஸ்கோப்பி தேவைப்படலாம். அதனால் தடை என்று எழுதாமல், யாருக்குச் செய்யலாம் என்று எழுதுங்கள். அறுவைக்குப் பதிவு செய்யும் படிவத்திலேயே காரணத்தைக் கேளுங்கள்.

வலியோடு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. அன்றைக்கே பிசியோதெரபிக்கு நேரம் கொடுங்கள். அது முடியாவிட்டால் திட்டத்தையே தள்ளிப்போடுங்கள் என்பேன்.

மாதாமாதம் எண்ணிக்கையை அந்தந்த மருத்துவரிடமே காட்டுங்கள். கூடவே மூட்டு ஊசிகளையும் எண்ணுங்கள். அறுவை குறைந்து ஊசி ஏறினால், அடுத்து உட்கார்ந்து பேச வேண்டியது அதைப் பற்றித்தான்.