ஸ்கிம்மர் வாங்கும் முன் டேப்பை எடுங்கள்: பவளத் தொட்டிக் கேள்வி பதில்

200 முதல் 450 லிட்டர் வரையுள்ள பவளத் தொட்டிக்கு எந்த புரோட்டீன் ஸ்கிம்மர் வாங்குவது, வாங்கியதை எப்படி ஓட்டுவது என்று வந்த கேள்விகள் இவை. தண்ணீருக்குள் காற்றுக் குமிழி விட்டு, கழிவை நுரையாக்கி, கழுத்து வழியே மேலே உள்ள கோப்பைக்கு ஏற்றும் கருவிதான் ஸ்கிம்மர். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். "எந்த பிராண்டு நல்லது?" என்று மட்டும் கேட்டவர்கள் முதல் மூன்று பதில்களைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

கேள்வி (கோவை): அண்ணா, என் தொட்டி 120 × 45 × 50 செ.மீ. கீழே 75 × 35 சம்ப் (துணைத் தொட்டி). கடையில் "500 லிட்டர் வரை" என்று போட்ட ஸ்கிம்மரைக் காட்டுகிறார்கள். 270 லிட்டர் தொட்டிக்கு அது ரொம்பப் பெரிசா?

பதில்: முதலில் 270 என்பதே சரியில்லை தம்பி. அது வெளி அளவு. 10 மி.மீ. கண்ணாடியைக் கழித்து, மேலே விளிம்பில் விடும் இடைவெளியையும் கழித்தால் உள்ளே 118 × 43 × 46. ஏறக்குறைய 233 லிட்டர். பாறையும் மணலும் பிடிக்கும் இடம் போக 220 என்று வையுங்கள். சம்பில் தண்ணீர் 22 செ.மீ. நின்றால் இன்னொரு 58. ஆக உங்கள் உண்மையான தண்ணீர் 280 லிட்டருக்குக் கொஞ்சம் கீழே.

அட்டைப்பெட்டியில் போடும் லிட்டர் கணக்குக்குப் பொதுவான தரநிலை எதுவும் கிடையாது. அந்தந்தக் கம்பெனி தன் இஷ்டத்துக்குப் போடுகிறது. பெரிய எழுத்தில் இருக்கும் எண் பெரும்பாலும் மீன் குறைந்த தொட்டிக்கானது. உள்ளே இருக்கும் தாளில் குறைந்த சுமை, நடுத்தர சுமை, அதிக சுமை என்று மூன்று எண் இருக்கும். அதிக சுமைக்கான எண் உங்கள் 280-க்குப் பக்கத்தில், அதாவது 250-க்கும் 350-க்கும் நடுவில் இருந்தால் வாங்கலாம். "500 வரை" என்று போட்டவற்றில் பல அந்த வரம்புக்குள்தான் வரும். 1000 லிட்டருக்கானதை மட்டும் "இருக்கட்டுமே" என்று தூக்கிவராதீர்கள். அதன் கழுத்து அகலம். அந்த அகலத்தை நிரப்பி நுரை ஏற, தண்ணீரில் அவ்வளவு கழிவு வேண்டும். ஆறு மீன் போடும் கழிவுக்கு நுரை பாதிக் கழுத்து வரை வந்து, உடைந்து, திரும்ப இறங்கும். கோப்பை நாள்கணக்கில் காலியாகவே இருக்கும்.

கேள்வி (திருச்சி): லிட்டர் எண்ணை நம்ப முடியாது என்றால் வேறு எதைப் பார்ப்பது சார்?

பதில்: காற்று, கழுத்து, வால்வு. இந்த வரிசையில்.

ஸ்கிம்மர் செய்வது ஒன்றே ஒன்றுதான். மீன் கழிவிலும் மிஞ்சிய தீனியிலும் இருந்து கரையும் பொருள்களில் பலவற்றுக்கு ஒரு முனை தண்ணீரை நாடும், மறுமுனை தண்ணீரை விட்டு விலகும். விலகும் முனை காற்றுக் குமிழியின் மேல்பரப்பில் போய் ஒட்டிக்கொள்ளும். எனவே குமிழிகளின் மொத்தப் பரப்பு எவ்வளவோ அவ்வளவு வேலை. ஒரே அளவு காற்றை இன்னும் சின்னச் சின்னக் குமிழியாக உடைத்தால் பரப்பு கூடும். நீடில் வீல் என்று சொல்லும் முள்சக்கர மோட்டார் இதற்குத்தான்.

கடையில் ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். உடல் பகுதி பால் ஊற்றியதுபோல வெள்ளையாக, குமிழி தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியாமல் இருக்க வேண்டும். ரவை அளவு என்றால் நல்லது. ஜவ்வரிசி அளவில் உருண்டு ஏறினால் அந்த மோட்டார் காற்றை உடைக்கவில்லை.

280 லிட்டருக்கு மணிக்கு 400 முதல் 600 லிட்டர் காற்று இழுக்கும் மோட்டார் போதும். தாளில் தண்ணீர் ஓட்டத்தை மட்டும் எழுதி, காற்று அளவை எழுதாமல் விட்டிருந்தால் எனக்குச் சந்தேகம்தான். கழுத்தைப் பற்றி முந்தைய பதிலிலேயே சொல்லிவிட்டேன். அடுத்தது வால்வு: வெளியேறும் குழாயில் திருகி நுணுக்கமாக அடைக்கும் கேட் வால்வோ, சுழற்றும் ஆப்புக் குழாயோ இருக்கிறதா என்று பாருங்கள். மேலும் கீழும் நகர்த்தும் வெறும் குழாயாக இருந்தால் 2 மி.மீ. அசைத்ததற்கே கோப்பை நிரம்பும். உடல் கூம்பா, உருளையா என்பதற்குப் பணம் அதிகம் கொடுக்க வேண்டாம்.

கேள்வி (சென்னை): ஆன்லைனில் ஆர்டர் போட்டுவிட்டேன். சம்பில் வைத்தால் கோப்பை கேபினெட் தட்டில் இடிக்கிறது. தண்ணீர் ஆழமும் ஒத்துவரவில்லை.

பதில்: எல்லோரும் நீள அகலத்தை அளக்கிறார்கள், உயரத்தை விட்டுவிடுகிறார்கள். ஸ்கிம்மரின் உயரத்தோடு கோப்பையைத் தூக்கி வெளியே எடுக்க 10 முதல் 12 செ.மீ. கூட வேண்டும். இடிக்கிறது என்றால் ஒன்று ஸ்கிம்மரை மாற்றுங்கள், இல்லை மேல்தட்டை அறுங்கள்; வேறு வழி இல்லை. வாரம் இரண்டு முறை கழுவ வேண்டிய கோப்பை அது.

ஆழம் சரி செய்யக் கூடியது. சம்பில் ஸ்கிம்மர் நிற்கும் அறையில் தண்ணீர் 22 செ.மீ., தாளில் 18 என்று போட்டிருந்தால் 4 செ.மீ. மேடை கட்டுங்கள். பி.வி.சி. குழாயை 4 செ.மீ. துண்டுகளாக அறுத்து, மேலே டியூப்லைட்டுக்கு அடிக்கும் பிளாஸ்டிக் கட்டம் போட்ட தட்டை வைத்தால் போதும். தண்ணீர் குறைவாக இருந்தால் அந்த அறையின் தடுப்புக் கண்ணாடியை உயர்த்த வேண்டும்.

ஆனால் உயரத்தைவிட முக்கியம், அது மாறாமல் இருப்பது. ஆவியாகும் தண்ணீரால் மட்டம் இறங்கும் அறை, தண்ணீரை மேல்தொட்டிக்குத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் மோட்டார் இருக்கும் கடைசி அறை. ஸ்கிம்மரை அங்கே வைத்தால் காலையில் ஒரு நுரை, மாலையில் ஒரு நுரை. தடுப்பைத் தாண்டி வழியும் அறையில் வையுங்கள். கடைசி அறைக்கு, ஆவியான அளவு நல்ல தண்ணீரைத் தானே ஊற்றும் ஆட்டோ டாப்-ஆஃப் கருவி போடுங்கள்.

கேள்வி (மதுரை): அமெரிக்காவில் இருந்து சித்தப்பா நல்ல ஸ்கிம்மர் ஒன்று கொண்டுவந்தார். 110 வோல்ட். டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் ஓடுமா?

பதில்: ஓடும், சரியாக ஓடாது. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை இறக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. ஏ.சி. மோட்டாரின் சுழற்சி அதைத்தான் பின்பற்றும்; ஆறில் ஒரு பங்கு வேகம் குறையும், காற்றும் அதோடு குறையும். மோட்டாரை மட்டும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் வகைக்கு மாற்றுங்கள், முள்சக்கரமும் அந்த வகைக்கானதாக வரும். அது 24 வோல்ட் டி.சி. மோட்டார் என்றால் கவலையே இல்லை. அடாப்டரில் 100–240 என்று போட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கேள்வி (புதுச்சேரி): புது ஸ்கிம்மர். மூன்று நாள் ஒன்றுமே வரவில்லை. நான்காம் நாள் பொங்கி வழிந்து தரையெல்லாம் தண்ணீர். பழுதா?

பதில்: பழுது இல்லை. தயாரிப்பில் ஒட்டிய எண்ணெய்ப் பசை போகும்வரை நுரை நிலைக்காது. ஒரு வாரம், சில சமயம் இரண்டு வாரம். அதுவரை வால்வைத் திறந்தே வைத்து, உள்ளே தண்ணீர் மட்டம் கழுத்து தொடங்கும் இடத்துக்குக் கீழே நிற்கும்படி விடுங்கள். நுரை வரவில்லையே என்று மூன்று நாளும் வால்வை அடைத்துக்கொண்டே போயிருப்பீர்கள். பசை போனதும் மொத்தமாகக் கிளம்பிவிட்டது. ஒரு திருப்பு திருப்பினால் ஒரு நாள் காத்திருந்து பார்த்துவிட்டு அடுத்ததைத் திருப்புங்கள்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்தது திடீரென்று பொங்கினால், அன்று தொட்டிக்குள் என்ன போனது என்று யோசியுங்கள். பவளம் ஒட்டும் எபாக்ஸி, கற்றாழை கலந்த தண்ணீர் மருந்து, சிவப்புப் பாசிக்கான மருந்து ஆகியவை வழக்கமான குற்றவாளிகள். எதிர்ப்பக்கமும் உண்டு: எண்ணெய்ப் பசையுள்ள தீனி போட்டாலோ, கிரீம் தடவிய கையை விட்டாலோ நுரை சில மணி நேரம் படுத்துவிடும். தானே எழும்.

கேள்வி (திருநெல்வேலி): கரண்ட் போய் வந்தால் மட்டும் கோப்பை நிரம்பி வழிகிறது. மற்ற நேரம் சரியாக இருக்கிறது.

பதில்: கரண்ட் போனதும் மேல்தொட்டியில் விளிம்புவரை இருக்கும் தண்ணீர் சம்புக்கு இறங்கும். மேலே சொன்ன 4 அடித் தொட்டியில் 2 செ.மீ. இறங்கினாலே 10 லிட்டர். அது 75 × 35 சம்பில் 4 செ.மீ. ஏற்றிவிடும். கரண்ட் வந்ததும் ஸ்கிம்மர் உடனே கிளம்புகிறது; ரிட்டர்ன் மோட்டார் அந்த 10 லிட்டரை மேலே அனுப்பக் கொஞ்ச நேரம் ஆகும். அதற்குள் 4 செ.மீ. அதிக ஆழத்தில் நிற்கும் ஸ்கிம்மர் தண்ணீரையே கோப்பைக்குள் தள்ளும்.

ஸ்கிம்மரை மட்டும் தாமதமாகக் கிளப்புங்கள். ஃபிரிட்ஜுக்கு வைக்கும் ஸ்டெபிலைசர்களில் கரண்ட் வந்து 3 நிமிடம் கழித்து இணைப்பு கொடுக்கும் வசதி இருக்கிறது, அதுவே போதும். கோப்பை அடியில் குழாய் மாட்டி வாளியில் விடுபவர்கள், வாளி நிறைந்தால் ஸ்கிம்மரை நிறுத்தும் மிதவை சுவிட்சையும் வையுங்கள். இல்லையென்றால் வழிவது கோப்பையோடு நிற்காது. டாப்-ஆஃப் நல்ல தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்கும், தொட்டி உப்பை இழந்துகொண்டே இருக்கும்.

இன்வெர்ட்டரில் போடலாமா என்று சிலர் கேட்டார்கள். சைன் வேவ் என்றால் போடலாம். சதுர அலை இன்வெர்ட்டரில் ஏ.சி. மோட்டார் உறுமும், சூடாகும். எப்படியும் பேட்டரியை ஸ்கிம்மருக்குச் செலவழிக்காதீர்கள்; தொட்டித் தண்ணீரைச் சுழல வைக்கும் வேவ் மேக்கருக்குக் கொடுங்கள்.

கேள்வி (சிங்கப்பூர்): கருப்பாகக் கெட்டியாக வருவது நல்லதா, டீ நிறத்தில் நிறைய வருவது நல்லதா? எனக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் வருகிறது.

பதில்: வாடை தாங்க முடியாததாக இருந்தால் வேலை நடக்கிறது என்று நினைக்கிறோம். அது கோப்பைக்குள்ளேயே அழுகிய வாடை. பால் கலக்காத கடும் டீ நிறம், வாரத்துக்கு இரண்டு மூன்று கோப்பை. 280 லிட்டருக்கு இது போதும்.

ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் மிக அதிகம். அதில் 35 கிராம் உப்பு போகிறது, அதன் இடத்தை டாப்-ஆஃப் உப்பில்லாத தண்ணீரால் நிரப்புகிறது. உங்கள் தொட்டியும் 280 லிட்டர் என்றால் மொத்த உப்பு 9,800 கிராம். ஒரு வாரத்தில் லிட்டருக்கு 35 கிராம் இருந்தது 34.1 ஆகும். கவனிக்காமல் விட்டால் ஒரு மாதத்தில் 31.5 பக்கம் வந்துவிடும். பவளம் ஏன் சுருங்குகிறது என்று விளக்கைச் சந்தேகிப்பீர்கள். வால்வைத் திறந்து மட்டத்தை இறக்குங்கள். டாப்-ஆஃப் தண்ணீரில் உப்பு கலப்பது வேண்டாம், ஸ்கிம்மர் குறையும் நாளில் அது ஏறிவிடும்.

கேள்வி (சென்னை): ஏ.சி. அறையில் தொட்டி. பி.எச். 7.8-ஐத் தாண்டவே இல்லை. ஸ்கிம்மர் காற்றுக் குழாயை ஜன்னலுக்கு வெளியே விடச் சொல்கிறார்கள். உண்மையா?

பதில்: உண்மை. கதவு சாத்திய அறையில் மூன்று பேர் தூங்கினால் கரியமில வாயு வெளிக்காற்றைப்போல இரண்டு மூன்று மடங்கு ஆகிவிடும். ஸ்கிம்மர் அதைத்தான் தண்ணீரோடு கலந்துகொண்டிருக்கிறது. வெளிக்காற்றை இழுத்தால் பி.எச். ஏறும்.

மூன்று எச்சரிக்கை. குழாய் நீண்டால் காற்று குறையும், எனவே ஒரு அளவு பெரிய குழாய் போடுங்கள். சென்னையின் ஈரக்காற்று ஏ.சி. அறைக்குள் வரும்போது குழாய்க்குள்ளேயே வேர்க்கும். தொய்வு இருந்தால் அங்கே தண்ணீர் தேங்கிக் காற்றை அடைக்கும். ஒரே சரிவாக இழுத்துக் கட்டுங்கள்.

மூன்றாவதுதான் பெரியது: கொசு மருந்து. மாநகராட்சி புகை அடிக்கும் நாளில் ஜன்னலில் இருக்கும் குழாய் அந்தப் புகையை நேராகத் தொட்டிக்குள் ஊதும். அதில் இருக்கும் பைரெத்ராய்டு வகை மருந்துகள் மீனுக்கும் இறாலுக்கும் நஞ்சு. தெருப்பக்கம் விடாதீர்கள். புகை வண்டிச் சத்தம் கேட்டால் ஸ்கிம்மரை நிறுத்துங்கள். அறைக்குள் செருகி வைக்கும் திரவக் கொசு விரட்டிக்கும் இதேதான். தொட்டி இருக்கும் அறையில் அது வேண்டாம். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும்போதும் அரை மணி நேரம் நிறுத்தி வையுங்கள், ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

கேள்வி (கொழும்பு): விலை இரண்டு மடங்கு கொடுத்தால் இரண்டு மடங்கு சுத்தம் செய்யுமா?

பதில்: செய்யாது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக வேதியியலாளர் கென் ஃபெல்ட்மனும் உடனிருந்தவர்களும் 2009, 2010-இல் பல வகை ஸ்கிம்மர்களை அளந்து பார்த்தார்கள். தண்ணீரில் அளவிடக்கூடிய கரிமப் பொருளில் 20 முதல் 30 சதவீதத்தைத்தான் அவை நீக்கின. மிச்சம் நுரையில் ஒட்டவே ஒட்டாத வகை. அதற்கு வடிகட்டும் கரியும் தண்ணீர் மாற்றமும்தான். கூடுதல் விலைக்குக் கிடைப்பது சத்தமில்லாத மோட்டார், உதிரிபாகம், நுணுக்கமான வால்வு. உதிரி முள்சக்கரம் கிடைக்காத ஸ்கிம்மரைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

கேள்வி (ஈரோடு): நைட்ரேட் 40. பெரிய ஸ்கிம்மர் போட்டால் இறங்குமா?

பதில்: நைட்ரேட் குமிழியில் ஒட்டாது. அது உருவாகும் முன்னால் கழிவை எடுப்பதுதான் ஸ்கிம்மரின் வேலை. உருவானபின் அதனால் முடியாது. 20 சதவீதம் தண்ணீர் மாற்றினால் 32 ஆகும். உறைந்த தீனியை வடிகட்டி, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போடுங்கள். நைட்ரேட்டைத் தின்னும் பாக்டீரியாவை வளர்க்க வினிகர் ஊற்றும் முறைக்குப் போவதென்றால் 280 லிட்டருக்கு நாளைக்கு 2.5 மி.லி.யில் தொடங்கி, வாரம் ஒருமுறை கொஞ்சம் கூட்டலாம். அப்போது ஸ்கிம்மர் கட்டாயம்: பெருகும் பாக்டீரியாவை வெளியே எடுப்பதும், அவை தின்னும் ஆக்சிஜனைத் திரும்பக் கொடுப்பதும் அதுதான்.

கேள்வி (சேலம்): ஆறு மாதம் அருமையாக ஓடியது. இப்போது நுரை பாதிதான்.

பதில்: காற்றுக் குழாயைக் கழற்றி, காற்று உள்ளே இழுபடும் வென்சுரி வாயைப் பாருங்கள். உப்பு வெள்ளையாகக் கட்டியிருக்கும். வாரம் ஒருமுறை அந்தக் குழாய் வழியே அரை டம்ளர் ஆர்.ஓ. தண்ணீரை இழுக்க விட்டால் இது வராது. பிறகு மோட்டார். வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, கழற்றிய பாகங்களை ஒரு மணி நேரம் ஊறவிட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். பீங்கான் அச்சு வளையாது, உடையும். முள்சக்கரத்தை நேராக இழுங்கள். அக்ரிலிக் உடலில் ஸ்பிரிட் படக்கூடாது, மயிரிழை விரிசல் விடும். கழுத்தின் உள்பக்கப் பசையை மூன்று நாளைக்கு ஒருமுறை துடைக்கவில்லை என்றால் மற்றதெல்லாம் செய்தும் நுரை ஏறாது.

கேள்வி (தஞ்சாவூர்): வீட்டில் தங்கமீன் தொட்டியும் இருக்கிறது. பழைய ஸ்கிம்மரை அதில் போடலாமா?

பதில்: நன்னீரில் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி உடைந்துவிடும், உப்புத் தண்ணீரில்தான் அவை சேராமல் பொடியாக நிற்கும். போட்டால் சத்தம்தான் வரும். விற்றுவிடுங்கள்.