ஓக்லஹோமாவில் அதிபர் தேர்தல்: புதிதாக வந்த தம்பிக்கு

துல்சாவுக்கு வந்து மூன்று மாதம், எச்-1பி விசா. ஊர் முழுக்க ஒரே கட்சியாக இருக்கிறதே, அதிபர் தேர்தல் சமயத்தில் எதில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், மளிகை எங்கே வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள் தம்பி. மளிகைக்கு ஆபீசில் நம்மவர் யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். தேர்தலுக்கு வருகிறேன்.

பயப்பட வேண்டிய இடம் ஓட்டுநர் லைசென்ஸ் கொடுக்கும் அலுவலகம்தான். லைசென்ஸ் வாங்கப் போனால், வாக்காளராகப் பதிவு செய்துகொள்கிறீர்களா என்று கேட்பார்கள். "நான் அமெரிக்கக் குடிமகன் இல்லை, வேண்டாம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நீட்டிய தாளிலெல்லாம் கையெழுத்துப் போடாதீர்கள். 2004-இல் என்னோடு வந்த நண்பர் அப்படிப் போட்டுவிட்டார். ஒரு தடவைகூட வாக்களிக்கவில்லை. ஆனால் குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது, எப்போதாவது வாக்காளராகப் பதிவு செய்ததுண்டா என்ற கேள்வி அதில் இருந்தது. அப்புறம் வக்கீல், விளக்கக் கடிதம், வருடக்கணக்கில் காத்திருப்பு. அவர் மனைவி என் மனைவியிடம் போனில் அழுதது எனக்கு மறக்கவில்லை. கிரீன் கார்டு வந்தாலும் அதிபர் தேர்தலில் வாக்களிக்க முடியாது. அது வரும்வரை எந்த வேட்பாளருக்கும் ஒரு டாலர்கூட நன்கொடை கொடுக்காதீர்கள், சட்டப்படி குற்றம்.

மற்றபடி நவம்பர் அமைதியாகவே போகும். 1964-இல் ஜான்சன் வென்றதோடு சரி, இங்கே ஜனநாயகக் கட்சி அதிபர் தேர்தலில் ஜெயித்ததே இல்லை. 2004 முதல் 2024 வரை 77 கவுண்டிகளும் ஒவ்வொரு முறையும் குடியரசுக் கட்சிக்குத்தான். நான் வந்த வருடம், நம் ஊர் வழக்கப்படி விடிய விடிய முடிவு பார்க்கலாம் என்று டிவி முன்னால் உட்கார்ந்தேன். ஏழு மணிக்கு வாக்குச்சாவடியை மூடினார்கள். சாப்பிட்டு எழுவதற்குள் அதிபரைத் தேர்ந்தெடுப்பதில் நம் மாநிலத்துக்கு உள்ள 7 தேர்வர் வாக்குகளும் புஷ்ஷுக்கு என்று சொல்லிவிட்டார்கள்.

இதைக் காரணம் காட்டித்தான் நம் ஆட்கள் பலர் குடியுரிமை வாங்கியும் வீட்டிலேயே இருக்கிறார்கள். தமிழ்நாட்டுத் தொகுதி நிலவரமெல்லாம் விரல்நுனியில் இருக்கும். பிள்ளை படிக்கிற ஊரில் பள்ளி வாரியத்துக்கு யார் நிற்கிறார்கள் என்று தெரியாது. எனக்கு ஆத்திரமாக வரும். இங்கே மாநிலச் சட்டமன்றத்துக்கு நிஜப் போட்டி, கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் ஜூன் மாத முதற்கட்டத் தேர்தலில், அதில் முடியாவிட்டால் ஆகஸ்டில். குடியரசுக் கட்சியின் முதற்கட்டத் தேர்தலில் அந்தக் கட்சிக்காரராகப் பதிந்தவர்கள்தான் வாக்களிக்கலாம். அதற்காகவே நான் அப்படிப் பதிந்துகொண்டேன். 2018 ஏப்ரலில் ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்து ஓக்லஹோமா சிட்டியில் சட்டமன்றத்தின் முன் திரண்டபோது, என் மகளின் டீச்சரும் போயிருந்தார். என் மனைவி எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்தாள். ஆசிரியர் சம்பளத்துக்கான வரியை எதிர்த்த உறுப்பினர்கள் பலர் அந்த வருடம் சொந்தக் கட்சியின் முதற்கட்டத் தேர்தலிலேயே தோற்றார்கள்.

2020 ஜூனில் ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் காப்பீட்டை விரிவாக்கலாமா என்று மக்களிடமே கேட்டார்கள். மாநிலம் முழுவதும் சேர்த்து சுமார் 6,500 வாக்கு வித்தியாசத்தில் அது ஜெயித்தது. என் நண்பருக்கு ஒருவழியாகக் குடியுரிமை கிடைத்து, முதல் வாக்கைப் போட்டது அன்றுதான். இருவரும் முகக்கவசத்தோடு ஒரு சர்ச் வாசலில் வரிசையில் நின்றோம். முடித்து வந்து காரில் ஏறிய பிறகும் அவர் வண்டியைக் கிளப்பவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.