வீட்டு பீர்: பக்கெட்டிலிருந்து கெக் வரை – கேள்வி பதில்

பெங்களூரில் உரிமம் பெற்ற ஒரு மைக்ரோப்ரூவரியில் பீர் காய்ச்சுவது என் தொழில். வீட்டில் பீர் காய்ச்சுவது பற்றியும் கெக்கில் அடைப்பது பற்றியும் இங்குள்ள தமிழ் நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

அண்ணா, கெக், சிலிண்டர், ரெகுலேட்டர் எல்லாம் சேர்த்து ஒரே செட்டாக வாங்கிவிடலாமா? (அல்சூர்)

வேண்டாம், அவசரப்படாதீர்கள். கெக் என்பது பீரை வைத்திருக்கவும் ஊற்றவும் உதவும் பாத்திரம். சிலிண்டர் அதற்கு வாயு தரும், ரெகுலேட்டர் வாயுவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும். சுமாரான பீரை அது நல்ல பீராக்காது. முதல் காசு நல்ல வெப்பமானிக்கும், திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டருக்கும் கிருமிநீக்கிக்கும் போகட்டும். நாம் காய்ச்சுவது வோர்ட் எனும் இனிப்புத் தண்ணீரை மட்டும்தான், அதை பீராக்குவது ஈஸ்ட் எனும் நுண்ணுயிர். அந்த உயிருக்குச் சுத்தமான இடமும் சரியான சூடும் கொடுத்தால் பக்கெட்டிலேயே அருமையான பீர் வரும்.

வீட்டில் காய்ச்சுவது சட்டப்படி சரியா சார்? விற்கப் போவதில்லை. (ஜே.பி. நகர்)

இதை மறைத்துவிட்டு செய்முறையை மட்டும் சொல்வது நியாயமில்லை. மது மாநிலப் பட்டியலில் வருவதால் ஒவ்வொரு மாநிலத்திலும் தனிச் சட்டம் உண்டு. கர்நாடகத்தில் 1965-ஆம் ஆண்டு கலால் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். "வீட்டுக்குத்தானே" என்பது உரிமத்துக்கு ஈடாகாது. அமெரிக்காவில் 1978-இல் வந்த சட்டத்தின்படி, வயதுவந்த இருவர் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 200 கேலன் வரை வரியில்லாமல் காய்ச்சலாம். அங்கே வேலைக்குப் போகும் நம்மவர்களுக்கு நான் சொல்வது அப்படியே பயன்படும். இங்கேயே இருப்பவர்கள் சட்டத்தைப் படித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கெக்கில் இஞ்சி சோடாவும் எலுமிச்சை சோடாவும் போட யாரும் தடை சொல்லப் போவதில்லை. அதற்கும் இதே உபகரணம்தான்.

முதல் முறை எவ்வளவு செய்யலாம்? படிப்படியாகச் சொல்லுங்கள் அண்ணா. (விவேக் நகர்)

5 லிட்டர் போதும். வீட்டு அடுப்பும் ஒரு 10 லிட்டர் பாத்திரமும் அதற்குத் தாங்கும்.

பேல் மால்ட் (முளைக்கவைத்து உலர்த்திய பார்லி) 1.1 கிலோ வாங்குங்கள். உடைத்தது கிடைத்தால் நல்லது. மிக்ஸியில் உடைப்பதாக இருந்தால் விட்டுவிட்டு ஓட்டுங்கள், மாவாகிவிடக் கூடாது. 8 லிட்டர் தண்ணீரை 70 டிகிரிக்குச் சூடாக்கி அடுப்பை அணைத்து, மல் துணிப் பையில் மால்ட்டைப் போட்டு இறக்குங்கள். சூடு 67 டிகிரி அளவில் நிற்கும். கெட்டித் துணியால் பாத்திரத்தைச் சுற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். மால்ட்டில் உள்ள நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நேரம் இது. சூடு 70-ஐத் தாண்டினால் ஈஸ்ட் தின்ன முடியாத சர்க்கரை மிஞ்சி பீர் கனமாகும். 62 பக்கம் இறங்கினால் மெலிந்து, உலர்ந்த ருசியாகும்.

பிறகு பையைத் தூக்கி வடியவிட்டு, வோர்ட்டை மூடாமல் ஒரு மணி நேரம் கொதிக்கவிடுங்கள். மூடினால் வேகவைத்த சோளம் மாதிரி ஒரு வாடை உள்ளேயே தங்கிவிடும். கொதி தொடங்கியதும் கசப்புக்கு 6 கிராம் ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் உலர்ந்த பூ), இறக்க 5 நிமிடம் இருக்கும்போது மணத்துக்கு இன்னொரு 6 கிராம். பாக்கெட்டில், கசப்பைத் தரும் ஆல்பா அமிலம் 6 சதவீதம் என்று இருந்தால் இந்த அளவு சரி. 12 என்று இருந்தால் முதல் பங்கைப் பாதியாக்குங்கள்.

அடுப்பை அணைத்த பிறகு அந்தத் திரவத்தைத் தொடும் எல்லாமே கிருமிநீக்கம் செய்ததாக இருக்க வேண்டும். கரண்டி, மூடி, உங்கள் கை எல்லாம் இதில் சேர்த்தி. பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் வைத்து 20 டிகிரிக்கு இறக்கி, பக்கெட்டில் உயரத்திலிருந்து ஊற்றிக் காற்றேற்றி, உலர் ஏல் ஈஸ்ட் (ஏல் என்பது அறைச் சூட்டில் நொதிக்கும் பீர் வகை) 3 கிராம் தூவி, வாயுவை வெளியே விட்டு காற்றை உள்ளே விடாத ஏர்லாக் பொருத்துங்கள். இரண்டு வாரம் திறக்காதீர்கள். ஹைட்ரோமீட்டர் காட்டும் தொடக்க அடர்த்தி 1.046-இல் இருந்து 1.010-க்கு இறங்கினால் ஆல்கஹால் 4.7 சதவீதம் அளவில் இருக்கும்.

தண்ணீர் எது நல்லது? எங்களுக்கு காவிரி ஒரு நாள், போர்வெல் ஒரு நாள். (கே.ஆர். புரம்)

காவிரி வரும் நாளில் பிடித்து வையுங்கள். குளோரின் வாடை போக இரவு முழுக்கத் திறந்து வையுங்கள் அல்லது ஒரு கொதி விட்டு ஆற்றுங்கள். குளோரின் மிஞ்சினால் பீரில் மருந்துக்கடை வாசனை ஏறும், பிறகு போக்கவே முடியாது. போர்வெல் தண்ணீரின் காரத்தன்மை மால்ட் உமியிலிருந்து துவர்ப்பை இழுக்கும். ஆர்ஓ தண்ணீர் மட்டும் இருந்தால் 8 லிட்டருக்கு 1 கிராம் உணவுத்தர ஜிப்சம் சேருங்கள். ஈஸ்ட்டுக்கும் நொதிகளுக்கும் கொஞ்சம் கால்சியம் தேவை.

ஏப்ரல் மாதம் வீட்டுக்குள்ளேயே 29, 30 டிகிரி. ஏசி இல்லை. என்ன செய்ய? (ஸ்ரீராமபுரம்)

இட்லி மாவு சென்னையில் பொங்கி வழியும், இங்கே டிசம்பரில் விடிந்தும் அப்படியே கிடக்கும் இல்லையா, ஈஸ்ட்டும் அப்படித்தான். ஏல் ஈஸ்ட்டுக்கு 18 முதல் 22 டிகிரி இதம். பெங்களூரில் வருடத்தின் பெரும்பகுதி இதற்குப் பக்கத்திலேயே இருப்பது நமக்குப் பெரிய வரம். நுரைத்து எழும் நாட்களில் பக்கெட்டின் உள்ளே அறையைவிட 2, 3 டிகிரி கூடுதல் இருக்கும். அதிகச் சூட்டில் நெயில் பாலிஷ் மாதிரி வாடையும், கனமான ஆல்கஹால்களும் உருவாகும்.

பக்கெட்டை ஒரு டப்பில் தண்ணீருக்குள் வைத்து, ஈரத் துண்டைச் சுற்றி, மின்விசிறியைத் திருப்பி விடுங்கள். நம் ஊர்க் கோடை வறண்டது என்பதால் நல்ல பலன் தரும். சென்னைப் புழுக்கத்தில் இந்த வித்தை பலிக்காது. அதுவும் முடியாதென்றால் க்வெய்க் என்ற நார்வே ஈஸ்ட்டைத் தேடுங்கள். 35 டிகிரியிலும் சுத்தமான ருசி தரும். குளிரில் நொதிக்கும் பீர் வகையான லாகரை இப்போது தொடாதீர்கள். அதற்கு 10, 12 டிகிரியில் வாரக்கணக்கில் நிலையாக நிற்கும் ஃபிரிட்ஜ் வேண்டும்.

தம்பி, வீட்டில் செய்வதில் விஷம் கலந்துவிடாதா? கள்ளக்குறிச்சி செய்தி பார்த்ததிலிருந்து பயமாக இருக்கிறது. (ஒரு அம்மா, கம்மனஹள்ளி)

பயப்படுவது நியாயம்தான் அம்மா. 2024 ஜூனில் அங்கே 60-க்கும் மேற்பட்டோர் இறந்தது, சாராயத்தில் தொழிற்சாலை மெத்தனால் கலந்ததால். தானியத்தை நொதிக்கவைக்கும்போது மெத்தனால் மிக மிகச் சொற்பமாகத்தான் உண்டாகும், அது பீரில் ஆபத்தான அளவை எட்டாது. ஹாப்ஸும் ஆல்கஹாலும் அமிலத்தன்மையும் சேர்ந்து நோய்க்கிருமிகளையும் தடுக்கும். கெட்டுப்போன பீர் புளிக்கும், நாறும், அதை ஊற்றிவிட வேண்டியதுதான். ஆனால் ஒன்று: இதை வடித்துச் சாராயமாக்க யாரும் நினைக்கவே கூடாது.

20 லிட்டர் தண்ணீர் கேனில் நொதிக்க வைக்கலாமா?

வைக்கலாம். ஆனால் வாய் குறுகல், உள்ளே தேய்த்தால் கீறல் விழும், கீறலில் கிருமி தங்கும். உணவுத்தர பக்கெட்டே மேல். எதில் வைத்தாலும் இறுக்கி மூடாதீர்கள், வாயு வெளியேற வழி வேண்டும்.

பார்லிக்குப் பதில் ராகி? (எலக்ட்ரானிக் சிட்டி)

முழுக்க ராகி என்றால் தொடக்கக்காரருக்குச் சிரமம். 15 சதவீதம் ராகியைக் கஞ்சியாக வேகவைத்து பார்லி மால்ட்டோடு சேருங்கள். மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் வேலையை பார்லியின் நொதிகள் பார்த்துக்கொள்ளும். கடையில் விற்கும் சர்க்கரை கலந்த ராகி மால்ட் பொடி இதற்கு ஆகாது.

பாட்டில் வெடிக்கும் என்கிறார்களே?

நொதித்தல் முடியுமுன் அடைத்தால் வெடிக்கும். ஹைட்ரோமீட்டர் மூன்று நாள் ஒரே எண்ணைக் காட்டிய பிறகுதான் அடைக்க வேண்டும். பாட்டிலுக்குள் வாயு உண்டாக லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை, நிறுத்துப் போடுங்கள், கண்ணளவு வேண்டாம். முதல் முறை பிளாஸ்டிக் சோடா பாட்டிலே பாதுகாப்பு. வாயு ஏறியதும் அழுத்திப் பார்த்தால் கல்லாக இருக்கும், அப்போது ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம்.

சரி, பாட்டில் கழுவி அலுத்துவிட்டது. கெக்கில் எப்படி அடைப்பது? (வைட்ஃபீல்டு)

இப்போது நீங்கள் கெக் வாங்கலாம்! 19 லிட்டர் கார்னி கெக் முதலில் குளிர்பானக் கம்பெனிகளுக்காக வந்தது. உள்தட்டுகளைக் கழற்றிய பல ஒற்றைக்கதவு ஃபிரிட்ஜ்களில் நிற்கும், உயரத்தை அளந்துவிட்டு வாங்குங்கள். முழுக்கப் பிரித்து, ரப்பர் வளையங்கள் உட்படக் கழுவிக் கிருமிநீக்கம் செய்யுங்கள். கிருமிநீக்கக் கரைசலைக் கெக் நிறைய ஊற்றி, அதை கார்பன் டை ஆக்சைடால் வெளியே தள்ளினால் உள்ளே காற்றே இருக்காது. அதன்பின் பீரைக் குழாய் வழியாக அடிமட்டத்திலிருந்து சலசலக்காமல் நிரப்புங்கள். ஆக்சிஜன் புகுந்தால் சில வாரங்களில் நனைந்த அட்டைப்பெட்டி ருசி வரும். 4 டிகிரியில் 12 பிஎஸ்ஐ (ரெகுலேட்டர் காட்டும் அழுத்த அளவு) வாயு அழுத்தம் கொடுத்து ஒரு வாரம், பத்து நாள் விடுங்கள். 30 பிஎஸ்ஐ வைத்து ஒரே நாளில் முடிப்பவர்களும் உண்டு. எனக்கு நிதானமான வழிதான் பிடிக்கும், வாயு மிஞ்சிப்போகும் பிரச்சினை வராது.

சிலிண்டர் எங்கே வாங்குவது?

மீன்தொட்டிக் கடைகளில் சின்ன சிலிண்டர்கள் உண்டு, ஆனால் நிரப்பும் வாயு உணவுத்தரமா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். எப்போதும் நிமிர்த்தி, சாயாமல் கட்டி வையுங்கள். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பாருங்கள். இந்த வாயு காற்றைவிடக் கனமானது, மூடிய சின்ன அறையில் கசிந்தால் மூச்சு முட்டும். ஜன்னல் இல்லாத ஸ்டோர் ரூமில் வைக்கவே கூடாது.

குழாயைத் திறந்தால் முழுக்க நுரையாகவே வருகிறது அண்ணா. (அதே வைட்ஃபீல்டு நண்பர்)

கெக்கிலிருந்து பீர் வரும் டியூப் குட்டையாக இருக்கும். 5 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள டியூப் 3 மீட்டர் போடுங்கள், சுருட்டி ஃபிரிட்ஜுக்குள்ளேயே வையுங்கள். குழாயைப் பாதி திறக்காமல் முழுசாகத் திறந்து ஊற்றுங்கள். அப்படியும் நுரைத்தால் வாயுவை மூடி, கெக்கின் மேல் வால்வை இழுத்து அழுத்தத்தை இறக்கி, ஒரு நாள் கழித்துப் பாருங்கள்.