அமெரிக்காவில் வீட்டு எலக்ட்ரிக் ஃபர்னஸை நாமே மாற்றி வயரிங் செய்யலாமா?

கேட்டவர் வாஷிங்டன் மாநிலத்தில் 1970களில் கட்டிய வீடு ஒன்றை வாங்கியிருக்கிறார். அதிலிருந்த 15 கிலோவாட் எலக்ட்ரிக் ஃபர்னஸ், அதாவது மின் காயிலால் காற்றைச் சூடாக்கி வீடு முழுக்க ஊதும் ஹீட்டர், படுத்துவிட்டது. அதே அளவில் புதியது ஒன்றை ஆன்லைனில் பார்த்து வைத்திருக்கிறார். "ஊரில் வீட்டு வயரிங் செய்த பழக்கம் இருக்கிறது, நானே மாட்டிவிடலாமா?" என்பது கேள்வி.

நானும் இதே மாநிலத்தில் ஹீட்டிங், ஏசி வேலையில்தான் இருக்கிறேன். மாட்டலாம் என்பதே என் பதில். ஆனால் ஃபர்னஸைத் தூக்கி வைப்பது இதில் சின்ன வேலை. பேனலிலிருந்து (வீட்டின் பிரேக்கர்கள் இருக்கும் பெட்டி) அதற்கு வரும் கம்பிதான் பெரிய வேலை. ஊர்ப் பழக்கம் காலை வாருவதும் அங்கேதான்.

முதலில் கலர். நம் ஊரில் சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல் என்று கை பழகியிருக்கும். இங்கே கறுப்புதான் ஃபேஸ், வெள்ளை நியூட்ரல், பச்சை அல்லது உறை இல்லாத செம்புக்கம்பி எர்த். இதை மட்டும் மனப்பாடம் செய்தாலும் போதாது. ஃபர்னஸுக்கு வருவது 240 வோல்ட். அது இங்கே ஒரு ஃபேஸும் நியூட்ரலும் சேர்ந்து வருவதில்லை. தலா 120 வோல்ட் உள்ள இரண்டு ஃபேஸ் கம்பிகளுக்கு நடுவே கிடைப்பதுதான் அந்த 240. பெரும்பாலான ஃபர்னஸ்களுக்கு நியூட்ரலே தேவையில்லை. அதனால் இரண்டு கம்பி கேபிளில் கறுப்பும் ஃபேஸ், வெள்ளையும் ஃபேஸ். வெள்ளையின் இரு முனையிலும் கறுப்பு அல்லது சிவப்பு டேப் சுற்றி அடையாளம் வைக்க வேண்டும் என்பது விதி. பழைய வீடுகளில் அந்த டேப் பாதி நேரம் இருக்காது. வெள்ளைதானே என்று கை வைத்துவிடாதீர்கள். டெஸ்டர் ஸ்க்ரூடிரைவரை ஓரமாக வைத்துவிட்டு மல்டிமீட்டரை எடுங்கள். இரண்டு கம்பிகளுக்கும் நடுவே 240, ஒவ்வொன்றுக்கும் எர்த்துக்கும் நடுவே 120 காட்ட வேண்டும். கை வைக்கும் முன் மூன்று அளவும் பூஜ்யமாக வேண்டும். அதற்கு முன்னும் பின்னும் கரண்ட் இருப்பது உறுதியான ஒரு பிளக்கில் மீட்டரை வைத்து, மீட்டர் உயிரோடு இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கண்ணி, 15 கிலோவாட் ஃபர்னஸுக்குப் பல வீடுகளில் இரண்டு தனித்தனி சர்க்யூட் வரும். பேனலில் 60 ஆம்பியர் பிரேக்கர் ஒன்று, 30 ஆம்பியர் ஒன்று. பெரியதை மட்டும் அணைத்துவிட்டு மூடியைத் திறந்தால், பாதி ஃபர்னஸ் செத்திருக்கும், மீதிப் பாதி உங்களுக்காகக் காத்திருக்கும்.

ஏன் இரண்டு என்பதைப் புரிந்துகொண்டால் கணக்கும் புரிந்துவிடும். ஹாஸ்டலில் வார்டனுக்குத் தெரியாமல் வைத்திருந்த காயில் அடுப்பு ஞாபகம் இருக்கிறதா? உள்ளே இருப்பது அதே நிக்ரோம் காயில்தான், அளவு மட்டும் பெரியது. ஒரு காயில் 5 கிலோவாட். 240 வோல்ட்டில் அது 20.8 ஆம்பியர் இழுக்கும். 15 கிலோவாட்டுக்கு மூன்று காயில், ஆக 62.5 ஆம்பியர். ஆனால் இங்குள்ள தேசிய மின் விதிநூல் ஒரு குழுவாக இருக்கும் காயில்கள் 48 ஆம்பியருக்கு மேல் இழுக்கக் கூடாது, அந்தக் குழுவின் பிரேக்கர் 60 ஆம்பியரைத் தாண்டக் கூடாது என்கிறது. எனவே இரண்டு காயில் ஒரு பக்கம், ஒரு காயில் மறுபக்கம்.

அடுத்து கம்பியின் தடிமன். ஹீட்டிங் லோடு மணிக்கணக்கில் ஓடும் என்பதால் அதன் ஆம்பியரை 125 சதவீதமாக உயர்த்தி, அதற்குத் தாங்கும் கம்பியைத்தான் போட வேண்டும். இரண்டு காயிலுக்கு 41.7 ஆம்பியர். அதே சர்க்யூட்டில் காற்றை ஊதும் ப்ளோயர் மோட்டாரும் உண்டு. அதற்கு 4 என்று வைத்தால் 45.7. ஒன்றேகால் மடங்கு போட்டால் 57. இப்போது கடைக்குப் போய் "60 ஆம்பியர் பிரேக்கருக்குக் கம்பி" என்று கேட்டால் பலரும் கண்ணை மூடிக்கொண்டு 6 கேஜ் ரோமெக்ஸ் (வீட்டு வயரிங்குக்கான பிளாஸ்டிக் உறைக் கேபிள்) சுருளை எடுத்துக் கொடுப்பார்கள். 6 கேஜ் செம்பு ரோமெக்ஸுக்கு விதிநூல் தரும் அளவு 55 ஆம்பியர்தான். இரண்டே ஆம்பியர்தானே குறைகிறது என்று நினைக்கலாம். வேலையைச் சரிபார்க்க வரும் இன்ஸ்பெக்டர் அப்படி நினைக்க மாட்டார். கேஜ் எண் குறையக் குறையக் கம்பி தடிமனாகும்; அதனால் 4 கேஜ் ரோமெக்ஸ் போடலாம், அல்லது குழாய்க்குள் 6 கேஜ் டி.ஹெச்.ஹெச்.என். (அதிகச் சூடு தாங்கும் உறையுள்ள ஒற்றைக் கம்பி) இழுக்கலாம்; அதற்கு 65 வரை உண்டு. ஊர்க் கணக்கில் சொன்னால் 6 கேஜ் என்பது சுமார் 13 ஸ்கொயர் எம்எம். நாம் ஏசிக்கு இழுக்கும் 4 ஸ்கொயர் கம்பியெல்லாம் இதன் பக்கத்தில் நிற்காது.

நான் சொன்ன எண்களையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். புது ஃபர்னஸின் கதவுக்குள் ஒட்டியிருக்கும் நேம்பிளேட்டில், ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் கம்பி குறைந்தது எவ்வளவு ஆம்பியர் தாங்க வேண்டும், பிரேக்கர் அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம் என்று இரண்டு எண்கள் இருக்கும். கடைசி வார்த்தை அதுதான். பழைய ஃபர்னஸும் 15, புதியதும் 15, அதனால் பழைய கம்பியே போதும் என்று முடிவு கட்டாதீர்கள்.

பழைய கம்பி அலுமினியம் என்றால் இன்னும் உஷார். அந்தக் கால வீடுகளில் ஃபர்னஸுக்குத் தடிமனான அலுமினியக் கம்பி இழுத்தது சாதாரணம், அது தப்பும் இல்லை. சூடேறி ஆறும்போது அலுமினியம் செம்பைவிட அதிகமாக விரிந்து சுருங்கும். மேலே படியும் ஆக்சைடு கரண்டைச் சரியாகக் கடத்தாது. பல குளிர்காலம் போனபின் பிரேக்கரின் அடியில் கம்பி நுழையும் இடத்தைப் பாருங்கள். கறுப்பு இன்சுலேஷன் பளபளப்பு போய்ச் சாம்பல் பூத்திருக்கும். நகத்தால் கீறினால் பொடியாக உதிரும். ஸ்க்ரூவைத் திருப்பினால் கால் சுற்று சும்மா சுற்றும். எனக்குத் தெரிந்து "ஃபர்னஸ் போச்சு" என்று கூப்பிடும் வீடுகளில் கணிசமானவற்றில் போயிருப்பது இந்த இணைப்புதான், காயில் நன்றாகவே இருக்கும்.

அதனால் புதியது வாங்கும் முன் பழையதை ஒரு முறை சோதித்துப் பாருங்கள். இரண்டு பிரேக்கரையும் அணைத்து, காயிலின் கம்பியைக் கழற்றி ஓம் பாருங்கள். 5 கிலோவாட் காயில் ஏறக்குறைய 11.5 ஓம் காட்ட வேண்டும். காட்டினால் காயில் பிழைத்திருக்கிறது. பிறகு ஒவ்வொரு காயிலோடும் இருக்கும் ஃப்யூசிபிள் லிங்க் (சூடு மிஞ்சினால் உருகித் துண்டிப்பது), லிமிட் சுவிட்ச் (சூடு மிஞ்சினால் அணைப்பது), அப்புறம் சீக்வென்சர் ஆகியவற்றைப் பாருங்கள். காயில்களை ஒரே நேரத்தில் போடாமல் சில விநாடிகள் விட்டு ஒன்றன்பின் ஒன்றாகப் போடும் சின்ன ரிலேதான் சீக்வென்சர். விலை குறைவு, கெட்டுப்போவதும் அடிக்கடி.

சரி, மாற்றத்தான் வேண்டும் என்றால் பெர்மிட். இந்த மாநிலத்தில் லேபர் அண்ட் இண்டஸ்ட்ரீஸ் துறை தரும். சியாட்டில், பெல்வியூ போன்ற சில நகரங்கள் தாங்களே தரும். சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டில் உரிமையாளர் தானே மின்வேலை செய்யலாம். விற்கவோ வாடகைக்கு விடவோ போகும் வீட்டுக்கு இது பொருந்தாது. பெர்மிட் எடுக்காமல் செய்யாதீர்கள். இன்னொரு ஜோடிக் கண் பார்ப்பதற்கு அந்தக் கட்டணம் மலிவு.

பேனலில் இடமும் தெம்பும் இருக்கிறதா என்பதும் கேள்வி. 100 ஆம்பியர் சர்வீஸ் (வீட்டுக்கு வரும் மொத்த இணைப்பின் அளவு) உள்ள வீடாக இருந்து, கராஜில் டெஸ்லா சார்ஜரும் மாட்டியிருந்தால், எல்லாம் சேர்ந்து எவ்வளவு இழுக்கும் என்ற லோட் கால்குலேஷன் போடாமல் எதையும் தொடாதீர்கள். ஃபர்னஸ் முழுமூச்சில் ஓடும் ஜனவரி இரவில்தான் காரும் சார்ஜ் ஆகும்.

இணைக்கும்போது, குறித்த அளவுக்கு மட்டும் இறுக்கும் டார்க் (torque) ஸ்க்ரூடிரைவர் ஒன்று வாங்கிவிடுங்கள். பிரேக்கரின் மேலேயே எத்தனை இன்ச்-பவுண்ட் இறுக்க வேண்டும் என்று அச்சிட்டிருக்கும். "கைக்குத் தெரியும் சார்" என்பதெல்லாம் இங்கே செல்லாது. அலுமினியம் என்றால் முனையை பிரஷ்ஷால் தேய்த்து, ஆக்சைடு தடுக்கும் பேஸ்ட் தடவி இறுக்குங்கள். ஃபர்னஸிலிருந்து கண்ணுக்கெட்டும் இடத்தில் டிஸ்கனெக்ட், அதாவது மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச், இருக்க வேண்டும். பல மாடல்களில் பிரேக்கர் ஃபர்னஸிலேயே வருவதால் அது தீர்ந்துவிடும்.

தெர்மோஸ்டாட் வயரிங் 24 வோல்ட், பயப்பட ஒன்றுமில்லை. கம்பி மாட்டும் இடங்களில் உள்ள எழுத்துகள்: ஆர் (R) சப்ளை, டபிள்யூ (W) ஹீட், ஜி (G) ஃபேன், ஒய் (Y) கூலிங், சி (C) காமன். ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்டுக்கு சி கட்டாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். செட்டிங்கில் கேஸா எலக்ட்ரிக்கா என்று கேட்கும். எலக்ட்ரிக் என்று கொடுங்கள். ஹீட் வரும்போது ஃபேனையும் அதுவே சேர்த்துப் போடும்.

ஆன் செய்தபின் கிளாம்ப் மீட்டரால் ஒவ்வொரு காயிலும் 20 ஆம்பியரை ஒட்டி இழுக்கிறதா பாருங்கள். ரிட்டர்னிலும் (காற்று உள்ளே போகும் வழி) சப்ளையிலும் (சூடான காற்று வெளியே வரும் வழி) தெர்மாமீட்டர் வைத்து வெப்ப வித்தியாசம் பாருங்கள். 15 கிலோவாட்டில் 50 டிகிரி ஃபாரன்ஹீட் கூடினால் காற்று நிமிடத்துக்கு சுமார் 950 கன அடி ஓடுகிறது என்று அர்த்தம். நேம்பிளேட்டில் உள்ளதைவிட வித்தியாசம் அதிகம் என்றால் காற்று போதவில்லை: ஃபில்டர், மூடிய வென்ட், ப்ளோயர் ஸ்பீடு என்று வரிசையாகப் பாருங்கள். முதல் பத்து நிமிடம் தூசி கருகும் வாடை வரும், ஸ்மோக் அலாரமும் கத்தலாம்.

கேட்காத கேள்விக்கும் ஒரு பதில். இந்தப் பக்கம் எலக்ட்ரிக் ஃபர்னஸ் இத்தனை இருப்பதற்குப் பெரிய காரணம் கொலம்பியா ஆற்றில் 1930களிலும் 40களிலும் எழுந்த பான்வில், கிராண்ட் கூலி அணைகள் தந்த மலிவு மின்சாரம். ஆனால் எவ்வளவு நல்ல ஃபர்னஸும் ஒரு யூனிட் கரண்டுக்கு 3412 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு) மேல் தராது. கேஸ்கேட் மலைக்கு மேற்கே உள்ள மிதமான குளிரில், ஏசியைத் திருப்பி ஓட்டுவதுபோல் வெளிக்காற்றின் சூட்டை உள்ளே கொண்டுவரும் ஹீட் பம்ப், அதே யூனிட்டுக்கு இரண்டு, மூன்று மடங்கு சூடு தரும். அதற்குள் ஓடும் குளிர்பதன வாயுவின் (ஏசி கேஸ்) இணைப்பு வேலைக்கு ஈ.பி.ஏ. எனும் அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறையின் சான்றிதழ் வேண்டும், அது இல்லாமல் நீங்கள் செய்ய முடியாது. இப்போது பட்ஜெட் இல்லையென்றால், பின்னால் ஹீட் பம்ப் சேர்க்க வசதியுள்ள ஏர் ஹேண்ட்லரை (வீட்டுக்குள் காற்றை ஊதும் பெட்டி) ஹீட்டர் கிட்டோடு (அதற்குள் மாட்டும் மின் காயில்கள்) வாங்குங்கள். வயரிங் நான் மேலே சொன்ன அதேதான். வெளியே வைக்கும் யூனிட்டுக்குப் பேனலில் இன்னொரு இரட்டை பிரேக்கருக்கு மட்டும் இடம் விட்டு வையுங்கள்.