சைல்ட்கேர் சென்டர்ல அட்மின் வேலை: ஏழு வருஷ கேப்புக்கு அப்புறம் போலாமா?

சிங்கப்பூர் உட்லண்ட்ஸ்லேர்ந்து ஒரு வாசகி கேக்குறாங்க: "அக்கா, நான் பி.காம். திருச்சில மூணு வருஷம் அக்கவுண்ட்ஸ் பாத்தேன், கல்யாணமாகி இங்க வந்து இப்ப பிஆர் (நிரந்தரவாசி), ஏழு வருஷமா வீட்லதான். சைல்ட்கேர்ல அட்மின் அசிஸ்டண்ட் வேலைக்கு இன்டர்வியூ கூப்பிட்டிருக்காங்க. இங்கிலீஷ் சுமார்தான். என்ன வேலை இருக்கும், என்ன கேப்பாங்க?"

தைரியமா போங்கம்மா. அந்தக் கவுண்டர்ல பதினாலு வருஷம் உக்காந்தவ சொல்றேன். விளம்பரத்துல டைப்பிங் ஃபைலிங்னு போட்டிருப்பாங்க, அதெல்லாம் சும்மா, முக்கால்வாசி வேலை பில்லும் வாசலும்தான்.

பில்லுல நீங்க கெட்டிக்காரியா இருப்பீங்க, அக்கவுண்ட்ஸ் ஆளாச்சே. ஆனா இங்க ஒரு கணக்கு இருக்கு. அரசாங்கம் ஆதரவு குடுக்குற ஆங்கர் சென்டர்ல முழுநாள் மாசக் கட்டணத்துக்கு 2025ல உச்சவரம்பு 640 வெள்ளியா இருந்துச்சு, 9% ஜிஎஸ்டி சேத்தா 697.60. அதுல வேலை பாக்குற அம்மாவோட சிங்கப்பூர்க் குடியுரிமைப் பிள்ளைன்னா அடிப்படை மானியம் 300 வெள்ளி வரைக்கும் கழியும், குடும்ப மாச வருமானம் 12,000 வெள்ளிக்குள்ள இருந்தா கூடுதல் மானியமும் உண்டு, மிச்சத்த சிலர் பிள்ளையோட சிடிஏ கணக்குலேர்ந்து (பிள்ளை வளர்ச்சிக்குன்னு அது பேர்ல இருக்குற சேமிப்பு) கட்டுவாங்க, சிலர் ஜைரோ, அதாவது பேங்க்லேர்ந்து தானா கழியும். மானியம் அப்ரூவ் ஆகுறதுக்கு முன்னாடி முதல் பில் போயிடுச்சுன்னா அப்பா ஒருத்தர் கவுண்டர்ல வந்து நிப்பாரு, 'ஏன் இவ்ளோ?'ன்னு. இந்தக் கழிக்குற கணக்க அவருக்கு வரி வரியா காட்டத் தெரிஞ்சா போதும், இங்கிலீஷ் சுமாரா இருந்தாலும் ஓடிடும்.

அட்டெண்டன்ஸையும் லேசா நினைக்காதீங்க. மானியம் வேணும்னா பிள்ளை அந்த மாசத்துல ஒரு நாளாவது வந்திருக்கணும். நம்ம ஆளுங்க டிசம்பர்ல மாசம் பூரா ஊருக்குப் போயிட்டு ஜனவரில வந்து பில்லப் பாத்து அதிர்ச்சி ஆவாங்க. டிக்கெட் போடும்போதே வாசல்ல நிறுத்தி ஒரு வார்த்தை சொல்லி வைங்க, அது யாரும் ஜாப் ஸ்கோப்புல எழுத மாட்டாங்க.

இப்ப வாசல். சாயங்காலம் ஆறரை மணி, மழை, ஒருத்தர் வந்து 'நான் மாமா, பிள்ளைய அனுப்புங்க'ங்குறாரு. பிள்ளையும் 'மாமா'ன்னு ஓடுது. அனுப்பக்கூடாது. அழைச்சிட்டுப் போக அனுமதி உள்ளவங்க லிஸ்ட்ல பேர் இல்லன்னா, அம்மாவுக்கோ அப்பாவுக்கோ நீங்களே ஃபைல்ல இருக்குற நம்பர்ல கூப்பிட்டுக் கேக்கணும், அவர் போன்லேர்ந்து போட்டு 'இந்தா பேசுங்க'ன்னு நீட்டுறத எடுத்துக்காதீங்க. கோவிச்சுக்குவாங்க, கோவிச்சுக்கட்டும். இன்டர்வியூல இந்த மாதிரி ஒரு கேள்வி நிச்சயமா வரும், நான் ஆள் எடுக்கும்போது முதல்ல கேட்டதே இதத்தான்.

அதே மாதிரி, பர்த்டேக்கு கூப்பிடணும் கிளாஸ் பேரண்ட்ஸ் நம்பர் எல்லாம் குடுங்கன்னு ஒரு அம்மா கேட்டாலும் குடுக்கக் கூடாது, 2012லேர்ந்து தனிநபர் தகவலுக்குச் சட்டமே இருக்கு. நான் ஒருதடவ ஒரே மாதிரி பேர் இருந்த ரெண்டு பிள்ளைங்க பில்ல மாத்தி ஈமெயில் பண்ணிட்டேன், ஒரு வீட்டு வருமான விவரம் இன்னொரு வீட்டுக்குப் போயிடுச்சு. பிரின்சிபல் கூட ரெண்டு வீட்டுக்கும் போன் போட்டு மன்னிப்பு கேட்டேன், ராத்திரி தூக்கமே வரல. அதுலேர்ந்து பேரப் பாத்து அனுப்புறதே இல்ல, பிறந்த தேதியையும் பாத்துத்தான்.

பேர்னதும் ஞாபகம் வருது. நம்ம பேர்ல குடும்பப்பேர் கிடையாது, ஃபார்ம்ல பிள்ளையோட அப்பா தன் அப்பா பேர ஃபேமிலி நேம் கட்டத்துல போட்டு, அப்புறம் சென்டர்லேர்ந்து தாத்தா பேர்ல 'மிஸ்டர்'னு லெட்டர் போகும். மலாய்ல அப்பா பேருக்கு முன்னாடி 'பின்' (மகன்), 'பிந்தி' (மகள்)னு வரும், சீனர்ல குடும்பப்பேர் முதல்ல. இதப் புரிஞ்சு சிஸ்டத்துல சரியா ஏத்துறவங்க சென்டர்ல அபூர்வம், அது உங்களுக்கு ஈஸி. கூட்டிட்டுப் போக வர்ற தமிழ்ப் பாட்டிங்களும் உங்களத்தான் தேடுவாங்க.

கம்ப்யூட்டர்ல எக்செல், பில் சாஃப்ட்வேர், செக்கின் ஆப் இவ்ளோதான், ஒரு வாரத்துல கைக்கு வந்துடும். கை கால் வாய்ப் புண் நோய் பரவுற சமயத்துல மட்டும் டெம்பரேச்சர், எம்சி (டாக்டர் சர்டிஃபிகேட்), பேரண்ட்ஸுக்கு நோட்டீஸ்னு நாள் முழுக்க ஓடும்.

சம்பளம் பேசும்போது ஒண்ணு: 2023 மார்ச்லேர்ந்து வெளிநாட்டு ஊழியர் வச்சிருக்குற நிறுவனங்கள்ல சிங்கப்பூரர், பிஆர் அட்மின் ஊழியர்களுக்கு படிப்படியா உயர்ற குறைந்தபட்ச சம்பள விதி இருக்கு. இப்போதைய தொகைய மனிதவள அமைச்சு வெப்சைட்ல பாத்துட்டுப் போங்க. அப்புறம் ஷிஃப்ட் நேரத்தக் கண்டிப்பா கேளுங்க, சென்டர் காலைல ஏழுலேர்ந்து ராத்திரி ஏழு வரைக்கும் ஓடும், உங்க பிள்ளைய யாரு கூட்டிட்டு வருவாங்கன்னு வீட்ல மொதல்லயே பேசி வச்சுக்குங்க.