உறிஞ்சுகுழியில் தண்ணீர் ஏன் இறங்கவில்லை?

கேள்வி: சமையலறை, குளியலறைத் தண்ணீருக்காக மூன்றடி உறிஞ்சுகுழி வெட்டிக் கல் நிரப்பினோம். ஒரே வருஷத்தில் தண்ணீர் மேலே நிற்கிறது. இன்னும் ஆழமாக வெட்டலாமா?

பதில்: வேண்டாம், கழிவு நிலத்தடி நீரை நெருங்கிவிடும். கோளாறு ஆழத்தில் இல்லை. சோற்றுப் பருக்கை, எண்ணெய்ப் பிசுக்கு, சோப்பு எல்லாம் குழிச் சுவரில் கறுப்பாக, வழவழவென்று படிந்து மண்ணை அடைத்திருக்கும். கல்லை எடுத்துக் கழுவி வெயிலில் காயப்போடுங்கள். சுவரை இரண்டு அங்குலம் சுரண்டிவிடுங்கள். பிறகு குழிக்கு முன்னால் ஒன்றரை அடிச் சதுரத்தில் சிமென்ட் தொட்டி கட்டாயம் வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான். தொட்டியிலிருந்து வெளியேறும் குழாயில் ‘டீ’ (T வடிவக் குழாய் இணைப்பு) மாட்டி, அதன் கீழ்வாய் தண்ணீருக்குள் அரை அடி முங்கும்படி வையுங்கள். மிதக்கும் எண்ணெய் தொட்டியிலேயே நின்றுவிடும். வாரம் ஒருமுறை வழித்தெடுங்கள். களிமண் நிலமென்றால் குழி சரிப்படாது, கல்வாழைப் பாத்திக்குத் திருப்புங்கள். கழிப்பறை நீரை இதில் விடவே கூடாது.